தாம்பரத்துக்கு அனுப்பிய ஆள்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முதல் நாளே முகம் விழுந்துவிட்டது. பயணப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள அம்மருட் ரயில் நிலையத்தில் இறங்கி, என்னையும் என் மகளையும் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதானா?"

"ஓம் பிள்ளை, நாங்கள்தான்."

"இல்ல... ஹோஸ்ட் ஃபேமிலின்னா வெள்ளைக்காரங்களா இருப்பாங்கன்னு நெனச்சேன்."

என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. சத்தமாகச் சிரித்துவிட்டாள். "நானும் அப்பிடி ஒரு குடும்பத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன். கிடைச்சால் ரெண்டு பேரும் சேர்ந்து போவம்."

அவள் சென்னையில் பொறியியல் படிக்கும் பிள்ளை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒஸ்லோவில் நடக்கும் ஒரு கோடைகாலப் படிப்புக்கு வந்திருந்தாள். ஆறு கிழமைப் படிப்பு, அதாவது ஒன்றரை மாதம், கடைசியில் பரீட்சை. அந்த மாணவர்களைக் குடும்பங்களோடு தங்கவைப்பதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று, இலங்கையில் ஆசிரியையாக இருந்த நான் இங்கே வேலை செய்யும் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் ஒரு நோர்வேஜியப் பெண் சொன்னாள். மகன் படிக்க ட்ரொண்ட்ஹைமுக்குப் போனபின் அவனுடைய அறை சும்மாதான் கிடந்தது. அடுத்த கோடையில் என் மகளும் இதே ஏற்பாட்டில் எங்காவது போகலாம் என்றார்கள். அந்த ஆசையில்தான் ஓம் என்றேன்.

நான் பயந்த ஆள். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். அந்தப் பிள்ளை வந்த அன்று மாலையே அவளுடைய தாய் சென்னையிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"மேடம், அவளை இதுவரைக்கும் ஒரு நாள் கூட தனியா எங்கயும் அனுப்புனதில்ல. அவங்கப்பா இன்னும் வாசல்லயே உக்காந்திருக்காரு. தமிழ்க் குடும்பம்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு உசிரே வந்துச்சு."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன்."

அந்தத் தாயின் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். அதற்காகவே சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

ஒரு கிழமைக்குள் அவளுக்கு எங்களைப் பிடித்துப்போய்விட்டது. என் மகளோடு தேபானா என்னும் சுரங்க ரயிலில் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய்க் கறிவேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிவந்தாள். தேங்காய்ப்பாலில் வெளிறிக் கிடந்த எங்கள் சொதியைப் பார்த்து, "இது என்ன ஆன்ட்டி, குழம்புக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். இறைச்சி, மீன் தொடமாட்டாள். கல்லூரியில் ஒரு கோழிப் பண்ணையைப் பார்க்கக் கூட்டிப்போனார்களாம். உள்ளே போய் வந்த அன்றே விட்டுவிட்டேன் என்றாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வைத்துக்கொண்டே ஆட்டுக்கறி சாப்பிட்டு வெறுப்பேற்றுவார்களாம். என் கணவர் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்தால் யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். அவரே அவளோடு இருந்து, சென்னை பஸ்களைப் பற்றியும் அங்கே ஓடும் ஓட்டத்தைப் பற்றியும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். என் கணவரின் மூத்த அக்கா. ஸ்ட்ரோம்மன் பக்கம் இருக்கிறார். அவருடைய மகனுக்கு இருபத்தெட்டு வயதாகியும் ஒன்றும் சரிவராமல் நாலைந்து சம்பந்தங்கள் குழம்பிப்போயிருந்தன. மச்சாளுக்கு அந்தக் கவலையைத் தவிர வேறு கதை கிடையாது. வந்து கதிரையில் இருந்ததும் கண் அந்தப் பிள்ளை மேல்தான்.

"பிள்ளை எவ்விடம்?"

"சென்னை ஆன்ட்டி."

"அது தெரியும். சென்னையிலை எவ்விடம்?"

"தாம்பரம் பக்கம்."

"அது இப்ப இருக்கிற இடம். அப்பான்ரை சொந்த ஊர்?"

"செங்கல்பட்டு தாண்டி ஒரு கிராமம். சொன்னா உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி."

"அப்பா என்ன வேலை? முந்தி அப்பான்ரை தேப்பன் என்ன செய்தவர்?"

அந்தப் பிள்ளை சிரித்தாள். "நார்வே விசாவுக்குக் கூட இவ்வளவு கேக்கல ஆன்ட்டி."

என் மகள் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "அம்மா, இது சரியான பின்லி," என்றாள். மானம் போகிறது என்பதற்கு அவள் எப்போதும் சொல்லும் நோர்வேஜியச் சொல் அது.

எங்கள் ஆட்களுக்குள் இந்த விசாரணை இரண்டு கேள்வியில் முடிந்துவிடும். ஊர் பெயரையும் கோயில் பெயரையும் சொன்னால் போதும், ஒழுங்கை வரை கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தியப் பிள்ளையிடம் அந்த வழி பலிக்கவில்லை. மச்சாள் வேறு அடையாளம் தேடினார். பிள்ளை வெள்ளை நிறம், அடக்கமாகப் பேசுகிறாள், அதிலும் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. மச்சாளுக்கு அது போதுமாக இருந்தது. குசினிக்குள் வந்து என் காதுக்குள், "நல்ல குடும்பத்துப் பிள்ளை, பாத்தாலே தெரியுது," என்றார். கோழிப் பண்ணையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அன்று அந்தப் பிள்ளை செய்த எலுமிச்சம் சாதத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வீட்டுக்கும் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் கணவருக்கு வயிறு சரியில்லாமல் போனது. அப்படித்தான் அவர் சொன்னார். இரண்டு நாளாகச் சோறு வேண்டாம் என்று, தானே பாணை வெட்டிப் பழுப்புச் சீஸ் வைத்துத் தின்றார். அந்தப் பிள்ளை பதறிப்போய்ச் சீரகம் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அங்கிள், இதக் குடிங்க, எங்க வீட்டுல இதுதான் மருந்து."

"வையுங்கோ பிள்ளை, ஆறினாப்போலை குடிக்கிறன்."

மறுநாள் காலை அந்தக் குவளை வைத்த இடத்திலேயே நிரம்பியபடி இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து ஊற்றிக் கழுவினேன்.

அன்று நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. அந்தப் பிள்ளையின் தாய். ஒரு சொல் சொல்லமுடியாமல் அழுதார். பிறகு தகப்பன் வாங்கிக் கதைத்தார். அவர் குரலை அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

"மேடம், சுத்தி வளைக்காம கேக்குறேன். எங்க தெருவுக்கு ஒரு ஆள் வந்தார். இலங்கைக்காரர். முதல்ல இஸ்திரி போடுறவர்கிட்ட, அப்புறம் மளிகைக் கடையில, அப்புறம் பக்கத்து வீட்டுல. இவங்க என்ன ஆளுங்க, எந்தக் கோயிலுக்குப் போறாங்க, பொண்ணுக்கு யாரோடயாச்சும் பழக்கம் உண்டான்னு கேட்டிருக்கார். எதுக்குன்னு கேட்டா, பொண்ணு இப்ப எங்க சொந்தக்காரங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். என் மனைவி அதுலேர்ந்து சாப்பிடல. எங்க பொண்ண நீங்க என்ன பண்றதா இருக்கீங்க?"

"சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். அது எவ்வளவு கள்ளத்தனமாகக் கேட்கும் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"தெரியாதுன்னா தெரிஞ்சிட்டுச் சொல்லுங்க. இல்லன்னா டிக்கெட்ட மாத்தி அவளை அனுப்பிடுங்க. படிப்பு போனாப் போவுது."

ஒரு தாயாக அந்த வீட்டில் என்னை வைத்துப் பார்த்தேன். என் பிள்ளை கடல்கடந்து ஒரு வீட்டில் நிற்கிறாள். அந்த வீட்டாரின் ஆள் என் தெருவில் வந்து அவளைப் பற்றி அயலட்டையில் விசாரிக்கிறான்.

தாம்பரத்தில் விசாரிக்கக்கூடிய எங்கள் ஆள் ஒருவர்தான். மச்சாளின் கணவருடைய தம்பி. வெளிநாடு வருவதற்காக ஏஜென்சிக்காரனை நம்பிச் சென்னையில் அறையெடுத்துக் காத்துக்கொண்டிருந்தார். கணவர் வந்ததும் நேரே கேட்டேன்.

"அந்தப் பிள்ளையின்ரை அட்ரஸை ஆர் மச்சாளிட்டைக் குடுத்தது?"

"அக்கா கேட்டவ, குடுத்தனான். அதுக்கென்ன இப்ப? கலியாணம் பேசுறதெண்டால் விசாரிக்கிறதுதானே. எங்களுக்கும் அப்பிடித்தானே விசாரிச்சவை."

"ஆருக்குக் கலியாணம்? ஆர் பேசச் சொன்னது? அது படிக்க வந்த பிள்ளை!"

"அதுதான் சரிவரேல்லையே. இனி ஏன் அதைக் கிளறுறீர்?"

"என்ன சரிவரேல்லை?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். அந்தப் பிள்ளையின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவை வேறை ஆக்களாம்."

எனக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பாணும் பழுப்புச் சீஸும் நினைவுக்கு வந்தன. நிரம்பியபடி இருந்த அந்தக் குவளை நினைவுக்கு வந்தது. அவருக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை குசினிக்குள் நின்று சமைத்ததை அவரால் சாப்பிட முடியவில்லை. அவ்வளவுதான். என் தொண்டைக்குள் புளிப்பாக ஏதோ வந்தது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். உண்மையாகவே சத்தி எடுத்தேன்.

மறுநாள் மச்சாளை ஸ்ட்ரோம்மனில் கடைத்தொகுதிக்குள் இருக்கும் ஒரு கோப்பிக் கடைக்கு வரச்சொன்னேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மச்சாள் சீனி தூவிய கறுவாப் பணிஸ் ஒன்றை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, தானே தொடங்கினார்.

"நல்லகாலம், விசாரிச்சது. ஆளைப் பாத்து ஏமாந்து போயிருப்பம். தெருமுனையிலை நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்ட ஆள் ஒருத்தற்றை சிலை நிக்குதாம். இவர்ரை தம்பிக்கு அது ஆரெண்டு தெரியேல்லை. இஸ்திரிக்காரன்தான் சிரிச்சுக்கொண்டு சொன்னவனாம், அந்தச் சிலை நிக்கிற தெருவிலை ஆர் இருப்பினம் எண்டு. எனக்குக் கேட்டவுடனை உடம்பெல்லாம் கூசிப்போச்சு."

"மச்சாள், அந்தத் தாய் தேப்பன் பயந்து சாகுதுகள். பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லுதுகள்."

"அனுப்பும். அதுதானே நல்லது. நீர் அந்தப் பிள்ளையை உம்மடை சாமியறைக்குள்ளை விட்டனீரோ?"

நான் கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்தேன்.

"நான் அந்தச் சோத்துப் பெட்டியை அப்பிடியே குப்பைக்குள்ளை போட்டிட்டன். கழுவி வைக்கவும் மனம் வரேல்லை. சரியான அரியண்டம். சாப்பிட்டதை இனி என்ன செய்யிறது!" சொல்லிவிட்டுக் கடதாசியால் வாயை ஒற்றிக்கொண்டார்.

மச்சாள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். அங்கே யார் யாரையோ தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு, அவர்கள் மிச்சம் வைத்த கேக்கையும் சாப்பிட்டுவிட்டு வருவார். அங்கே அவர் அன்பான மனுஷி என்று எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யில்லை. அந்தக் கை ஒரு பிள்ளை சமைத்த சோறு இருந்த பெட்டியைத் தொடக் கூசுகிறது. பணிஸில் இருந்த சீனி அவருடைய மேலுதட்டில் ஒட்டியிருந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"நீங்கள் அவையிட்டை மன்னிப்புக் கேக்கவேணும் மச்சாள்."

"நானோ? அவையிட்டையோ?" என்று சிரித்தார். "நீர் ஊரிலை ரீச்சராய் இருந்த நினைப்பிலை கதைக்காதையும். உம்மடை மகளுக்கு நாளைக்கு இப்பிடி ஒருத்தன் வந்து நிக்கட்டும், அப்ப பாப்பம் உம்மடை நியாயத்தை."

"நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. தகப்பன் அவளிடமும் கதைத்திருந்தார். எங்கள் கட்டடத்துக்குக் கீழே புல்லில் மகளும் அவளும் இருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவளே கேட்டாள், கடைக்குப் போகலாமா என்று கேட்பதைப் போல.

"சாதி பாத்தாங்களா ஆன்ட்டி?"

"ஓம்."

"அன்னிக்கே தெரியும். எங்களுக்கு மூணாவது கேள்வியிலயே தெரிஞ்சிடும்."

"அப்ப ஏன் பிள்ளை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரியலயே." பிறகு, "அங்கிளுக்கு வயிறு சரியில்லாமப் போனப்பவும் தெரியும்," என்றாள்.

என் மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை. சாதி என்ற இந்தச் சொல்லை அவளுக்கு நாங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பன் ஏன் சாப்பிடவில்லை என்பதை அவளுக்கு நான் அந்தப் புல்லில் இருந்து விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான பாடம் ஒன்றை நான் எந்தப் பிள்ளைக்கும் நடத்தியதில்லை.

"நான் திரும்பிப் போகக் கூடாது ஆன்ட்டி," என்றாள் அந்தப் பிள்ளை. அப்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. "இப்பப் பாதியில போனா எங்கப்பா இனிமே என்னைத் திருச்சிக்குக் கூட தனியா அனுப்ப மாட்டார். நான் பரீட்சை எழுதணும். அவர்கிட்ட நீங்க பேசுங்க."

பேசினேன். வேறு காரணம் ஒன்று சொல்லித் தப்பலாம் என்று கணவர் சொன்னார். அவரைப் பார்க்காமலே எண்களை அழுத்தினேன். யார் ஆள் அனுப்பியது, எதற்கு அனுப்பியது, முகவரியை யார் கொடுத்தது, விசாரித்துத் தெரிந்துகொண்டபின் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் அந்தத் தகப்பனிடம் சொன்னேன்.

"அப்ப கடத்துறவங்க இல்ல," என்றார் கடைசியில். பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. "நாங்க பயந்தது வேற மேடம். இதுன்னா எங்களுக்குப் பழக்கம்தான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஆறுதல் பட்டுக்கொண்டாரே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

"அவ பரீட்சை எழுதட்டும்," என்றார். "ஆனா அந்த ஆளுங்க யாரும் அவ இருக்கிற வீட்டுக்கு வரக்கூடாது. அந்த உத்தரவாதம் உங்களால குடுக்க முடியுமா?"

முடியும் என்றேன். சொல்லும்போதே, அந்த ஆட்களில் ஒருவர் என் வீட்டு ஹோலில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு கீழ்வாசல் மணி அடித்தது. சுவரில் இருந்த பேசும் கருவியை எடுத்தேன்.

"நான்தான். கதவைத் திறவும்," என்றார் மச்சாள். "தம்பியோடை கதைக்கவேணும். நீர் ஏதோ இந்தியாவுக்கெல்லாம் கோள் எடுத்து எங்களைக் கேவலப்படுத்தினீராம்."

"இப்ப வரவேண்டாம் மச்சாள்."

"என்ன?"

"அந்தப் பிள்ளை சோதினை எழுதி முடிக்குமட்டும் நீங்கள் இஞ்சை வரக்கூடாது. நான் வாக்குக் குடுத்திட்டன்."

"ஆருக்கு? அவைக்கோ? அது என்ரை தம்பியின்ரை வீடு!"

கணவர் பின்னால் வந்து நின்றார். "அவ என்ரை அக்கா," என்றார்.

"தெரியும். கீழை போய்க் கதையுங்கோ. மேலை கூட்டிக்கொண்டு வந்தால் நானும் பிள்ளையளும் வெளிக்கிடுவம்."

என்னைத் தாண்டிச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினால் போதும், கீழ்க் கதவு திறந்துவிடும். அவருடைய கை அதுவரை வந்தது. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். பல்கனியில் நின்று பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் மச்சாள் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"யாரு ஆன்ட்டி?" அந்தப் பிள்ளை புத்தகத்தோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மச்சாள். போகச் சொல்லிப்போட்டன்."

"ஐயோ, விட்டிருக்கலாமே. நானே டீ போட்டுக் குடுத்திருப்பேன்ல?" என்று கண்ணைச் சிமிட்டினாள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அவள் பரீட்சை எழுதினாள். நல்ல புள்ளிகளோடு தேறினாள். தாய்க்கு அதைச் சொல்லும்போது அறைக்குள் அவள் துள்ளியதில் தரையே அதிர்ந்தது. கடைசிக் கிழமைகளில் என் கணவரும் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டார். நான் சமைத்த நாளா, அவள் சமைத்த நாளா என்று கேட்கவில்லை. கேட்காமல் எப்படியோ தெரிந்துகொண்டார். அவள் சமைத்த நாட்களில் கொஞ்சமாகப் போட்டார்.

அவள் போகிற நாளன்று அவர்தான் கார் ஓட்டினார். பெட்டியைத் தூக்கினார். விமான நிலையத்தில் அவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தார்.

"தேங்க்ஸ் அங்கிள்."

"கவனமாப் போட்டு வாங்கோ பிள்ளை. அப்பா அம்மாவைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ." அவருடைய கண் கலங்கியிருந்தது.

பக்கத்தில் நின்ற எனக்கு மறுபடியும் அந்தப் புளிப்பு தொண்டைக்கு வந்தது. அவர் நடிக்கவில்லை. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த எனக்கு அது தெரியும். அந்தப் பிள்ளை மேல் அவருக்கு உண்மையிலேயே அன்பு இருந்தது. அவள் கொதிக்கவைத்த தண்ணீரை மட்டும் அவரால் குடிக்க முடியவில்லை. நடிப்பென்றால் நான் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இப்போதும் அவர் "பிள்ளை" என்று யாரையாவது அன்பாகக் கூப்பிடும்போது, நான் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறேன்.